ப்ராக்ஸியா, நேட்டா? உள்வலையில் இணையம் தடைபடும்போது அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

“இணையம் வரவில்லை” என்று ஒருவர் சொன்னதும் கேபிளைப் பிடுங்கிச் செருகுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வெளியே இருக்கும் சர்வரோடு பேசுவது யார்? உங்கள் கணினியே பேசினால் நடுவில் இருப்பது நேட், அதாவது முகவரி மாற்றம். உங்கள் கணினி சார்பில் இன்னொரு கணினி பேசினால் அது ப்ராக்ஸி. உள்வலைக்கென ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய முகவரிகளில் (10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16) இருக்கும் கணினிகளை வெளியே கொண்டுபோவதுதான் இரண்டின் வேலையும். வெளிச் சர்வருக்கு இரண்டிலுமே ஒரு பொது முகவரிதான் தெரியும். அதனால்தான் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிழை தேடும்போது அந்தக் குழப்பத்தில்தான் நேரம் போகிறது. ஒரே அறிகுறிக்கு இங்கே ஒரு காரணம், அங்கே வேறு காரணம்.

## முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

192.168.1.23 என்ற கணினி, 203.0.113.80 என்ற சர்வரின் 443ஆம் போர்ட்டுக்கு (போர்ட் என்பது கணினியில் எந்தச் சேவை என்று குறிக்கும் எண்) போக நினைக்கிறது.

நேட் வழியாகப் போனால், புறப்படும் பாக்கெட்டில் (வலையில் போகும் தரவுத் துண்டு) மூல முகவரி 192.168.1.23, மூல போர்ட் 51514, இலக்கு 203.0.113.80, போர்ட் 443 என்று இருக்கும். கேட்வே, அதாவது உள்வலையை வெளியோடு இணைக்கும் சாதனம், அதில் மூல முகவரியை மட்டும் தன் பொது முகவரியான 198.51.100.7 என்று மாற்றி, செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைத் திருத்தி, “51514க்கு வரும் பதில் 192.168.1.23உடையது” என்று தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். அந்தப் போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் போர்ட்டும் மாறும். டிசிபி (பாக்கெட்டுகள் தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் முறை) இணைப்பு ஒன்றே ஒன்று. அதன் இரு முனைகள் உங்கள் கணினியும் வெளிச் சர்வரும். சர்வர் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் வேலையும் உங்கள் கணினியுடையதே.

ப்ராக்ஸி வழியாகப் போனால், உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டில் 203.0.113.80 என்ற முகவரியே இருக்காது. இலக்கு முகவரி ப்ராக்ஸியுடையது; போர்ட் பெரும்பாலும் 3128 அல்லது 8080, சாக்ஸ் ப்ராக்ஸி (இணையப் பக்கம் மட்டுமல்லாமல் பொதுவான இணைப்புகளையும் கடத்தும் வகை) என்றால் 1080. இணைப்பு கிடைத்ததும் உலாவி “கனெக்ட்” என்ற கட்டளையோடு தளத்தின் பெயரையும் 443ஐயும் அனுப்பும். ப்ராக்ஸி தானே டிஎன்எஸ் பார்த்து, தானே இரண்டாவது டிசிபி இணைப்பைத் திறந்து, 200 என்று பதில் தந்தபின் இரு பக்கத்து பைட்டுகளையும் கடத்தும். ஆக இணைப்புகள் இரண்டு. பெயர் தேடுவது ப்ராக்ஸி. ப்ராக்ஸி இருப்பது நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேட் இருப்பது எந்த நிரலுக்கும் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் வலையில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் உங்கள் கணினியில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க்கை ஓடவிட்டு, உலாவியில் ஒரு தளத்தைத் திறந்து, இலக்கு முகவரியைப் படியுங்கள். அது உள்முகவரியாகவும் போர்ட் 3128 போலவும் இருந்தால் ப்ராக்ஸி. வெளிமுகவரியாக இருந்தால் நேட். கணினிக்குச் சொல்லாமல் நடுவழியில் மறித்துப் பிடிக்கும் ப்ராக்ஸிக்கும் இப்படித்தான் தெரியும். அதைச் சான்றிதழ் பகுதியில் பிரித்துப் பார்க்கலாம்.

## உலாவியில் தளம் திறக்கிறது. பிங், எஸ்எஸ்எச், மென்பொருள் அப்டேட் எதுவும் போகவில்லை

இது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். வெளியே போக ப்ராக்ஸி மட்டுமே உள்ள, நேட் இல்லாத வலை இப்படித்தான் நடந்துகொள்ளும். எச்டிடிபி ப்ராக்ஸிக்கு டிசிபி மட்டும்தான் தெரியும். பிங் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) பயன்படுத்தும் ஐசிஎம்பி என்ற செய்தி முறைக்கு அதில் இடமில்லை, போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டுக்கும் இல்லை. இந்த வலையில் பிங் தோல்வியடைவதை வைத்து இணையம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். டெர்மினலிலிருந்து இணையப் பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளைக்கு ப்ராக்ஸி முகவரியைக் கொடுத்து ஒரு பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். அதுதான் இங்கே சரியான சோதனை.

பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் ப்ராக்ஸியைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மறந்துபோகிற இடங்கள் எப்போதும் இவைதான்:

லினக்ஸ் டெர்மினலில் எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி என்ற சூழல் மாறிகளை அமைத்திருப்பீர்கள். சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு, ஓடும் கட்டளைக்கு அவை வழக்கமாகப் போய்ச்சேராது. “எனக்கு வேலை செய்கிறது, ரூட்டுக்குச் செய்யவில்லை” என்றால் காரணம் இதுதான். மாறிகளைக் கட்டிக்காக்க சூடோவின் இ (பெரிய எழுத்து -E) விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஏபிடி போன்ற தொகுப்பு மேலாளர்களுக்கு அவற்றின் சொந்த அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி தொடங்கும் சேவைகளுக்கு, டாக்கர் டீமன் உட்பட, உங்கள் ஷெல்லில் உள்ள எந்த மாறியும் தெரியாது. சேவைக் கோப்பில் தனியாக எழுதி, மறுபடி தொடங்குங்கள். ஜாவா நிரல்களும் இந்த மாறிகளைத் தாமாகப் படிப்பதில்லை. ப்ராக்ஸி ஹோஸ்டையும் போர்ட்டையும் ஜேவிஎம் விருப்பங்களாகக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸில் பயனருக்கான ப்ராக்ஸி அமைப்பு வேறு, பின்னணிச் சேவைகள் பயன்படுத்தும் வின்எச்டிடிபி அமைப்பு வேறு. நெட்எஸ்எச் கட்டளையில் வின்எச்டிடிபி ப்ராக்ஸியைக் காட்டச் சொல்லுங்கள். “நேரடி அணுகல்” என்று வந்தால் உலாவி ஓடும், சேவைகள் நிற்கும்.

எஸ்எஸ்எச்சை (தொலைக் கணினிக்குள் நுழையும் முறை) ப்ராக்ஸி வழியாக அனுப்ப, அதன் ப்ராக்ஸிகமாண்டு அமைப்பில் நெட்கேட் போன்ற ஒரு கருவியைக் கொடுத்து கனெக்ட் முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளின் இயல்பான விதிகள் 443 தவிர மற்ற போர்ட்டுகளுக்கான கனெக்டை மறுத்துவிடும். ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக்கில் 22ஆம் போர்ட்டுக்கு எதிரே “டிசிபி_டினைடு/403” என்று வந்திருந்தால் உங்கள் கணினியில் தேட ஒன்றுமில்லை; ப்ராக்ஸி நிர்வாகிதான் விதியைத் திறக்க வேண்டும். அனுமதி கிடைத்த இணைப்பு “டிசிபி_டனல்/200” என்று பதிவாகும்.

## நேர்மாறு: பிங் போகிறது, உலாவி மட்டும் திறக்க மறுக்கிறது

நேட் நன்றாக இருக்கிறது. கணினியில் எங்கோ பழைய ப்ராக்ஸி அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தியிலேயே ப்ராக்ஸி சர்வரை எட்ட முடியவில்லை என்று வருவது வழக்கம். அலுவலக மடிக்கணினியை வேறு வலைக்குக் கொண்டுபோனபோது வந்தால் இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம்.

கர்ல் கட்டளையை ஒருமுறை அப்படியே, ஒருமுறை எல்லா முகவரிக்கும் ப்ராக்ஸியைத் தவிர்க்கச் சொல்லும் நோப்ராக்ஸி விருப்பத்தோடு ஓட்டுங்கள். இரண்டாவது மட்டும் போனால் சூழல் மாறியில் ப்ராக்ஸி இருக்கிறது. இரண்டும் போய் உலாவி மட்டும் நின்றால் உலாவி அல்லது இயங்குதளத்தின் ப்ராக்ஸிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பேக் கோப்பின் (எந்தத் தளத்துக்கு எந்த ப்ராக்ஸி என்று சொல்லும் கோப்பு) முகவரி எழுதப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு தளமும் சில விநாடி யோசித்துவிட்டுத் திறந்தால் “தானாகக் கண்டறி” என்பதை அணைத்துப் பாருங்கள். கணினிக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியின் 252ஆம் விருப்பத்திலோ டபிள்யூபேட் என்ற டிஎன்எஸ் பெயரிலோ பேக் கோப்பைத் தேடித் தேடி ஓய்ந்த பிறகே அந்த உலாவி நேரடியாகப் போகிறது.

## கடவுச்சொல் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது (407)

401 என்றால் தளம் கேட்கிறது. 407 என்றால் ப்ராக்ஸி கேட்கிறது. நேட் ஒருபோதும் கடவுச்சொல் கேட்காது, எனவே இந்த எண் வந்தால் ப்ராக்ஸியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான கடவுச்சொல் கொடுத்தும் பெட்டி மறுபடி வந்தால், கெர்பரோஸ் (டிக்கெட் கொடுத்து அடையாளத்தை உறுதிசெய்யும் முறை) பயன்படும் வலைகளில் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் விலகினால் கெர்பரோஸ் நம்பாது. அடுத்து, ப்ராக்ஸியை ஐபி எண்ணாக எழுதியிருக்கிறீர்களா, பெயராகவா என்று பாருங்கள். கெர்பரோஸ் டிக்கெட் பெயருக்குத்தான் வழங்கப்படுகிறது. சூழல் மாறியில் கடவுச்சொல் எழுதுபவர்கள் அதில் உள்ள @, : போன்ற குறிகளை விழுக்காட்டுக் குறியீடாக மாற்ற வேண்டும், @ என்பது %40 ஆகும்.

## உள்தளங்கள் மட்டும் 503 (சேவை கிடைக்கவில்லை) தருகின்றன, அல்லது பெயர் தெரியவில்லை என்கின்றன

ப்ராக்ஸி உள்ள வலையில் பெயரைத் தேடுவது ப்ராக்ஸி. உங்கள் கணினிக்குத் தெரிந்த உள்தளப் பெயர் அதற்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட தளங்களை விலக்குப் பட்டியலில், அதாவது நோ_ப்ராக்ஸி மாறியிலோ பேக் கோப்பிலோ சேர்த்து நேரடியாகப் போகச் செய்யுங்கள். இந்த மாறிக்குப் பொதுவான தரம் கிடையாது. 192.168.0.0/16 என்று வலையாக எழுதினால் சில நிரல்கள் புரிந்துகொள்ளும், சில நிரல்கள் அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொண்டு தவறவிடும். டொமைன் பெயரின் பின்னொட்டாக எழுதுவதே நம்பகமானது.

எதிர்ப்பக்கமும் உண்டு: பெயர் தேடும் கருவியான என்எஸ்லுக்கப்பில் வெளித்தளப் பெயர் தெரியவில்லை, உலாவியில் அதே தளம் திறக்கிறது. ப்ராக்ஸி வலையில் இது இயல்பு. சாக்ஸ்5 பயன்படுத்துகிறவர்கள் கர்லில் “சாக்ஸ்5” என்று எழுதினால் பெயரை உங்கள் கணினி தேடும், “சாக்ஸ்5எச்” என்று எழுதினால் ப்ராக்ஸி தேடும். ஓர் எழுத்து வித்தியாசம். பெயர் தேடல் எங்கே நடக்கிறது என்பதே மாறிவிடுகிறது.

## கேட்வேயிலிருந்து இணையம் போகிறது, அதன் பின்னால் உள்ள கணினிகளிலிருந்து போகவில்லை

லினக்ஸ் கேட்வே வைத்து நேட் அமைப்பவர்கள் முதல் நாளில் சந்திப்பது இது. இந்த வரிசையில் பாருங்கள்.

கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஐபி ஃபார்வர்டு மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் வந்த பாக்கெட்டைக் கேட்வே அடுத்த பக்கம் கடத்தாது. மறுபடி பூட் செய்தால் 0க்குத் திரும்பிவிடாதபடி அமைப்புக் கோப்பிலும் எழுதுங்கள். அடுத்து ஃபார்வர்டு சங்கிலியின் (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபயர்வால் விதி வரிசை) கொள்கை. அது “டிராப்” (பாக்கெட்டைக் கைவிடு) ஆக இருந்தால் நேட் விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. டாக்கர் நிறுவிய கணினிகளில் இந்தக் கொள்கை டிராப் ஆகிவிடுவது வழக்கம்; நேற்று வரை ஓடிய கேட்வே டாக்கர் வந்ததும் நின்றால் அங்கே பாருங்கள். மூன்றாவது, மூல முகவரியை மாற்றும் மாஸ்கரேட் விதியில் வெளிப்பக்க இன்டர்ஃபேசின் பெயர். பிபிபிஓஇ (ஈதர்நெட் வழியாகப் பயனர்பெயர் கொடுத்து இணையும் முறை) இணைப்பில் வெளிப்பக்கம் பிபிபி0. ஈதர்நெட் அட்டையின் பெயரை எழுதினால் விதி பொருந்தாது.

மூன்றும் சரி, இன்னும் போகவில்லை என்றால் கான்டிராக் அட்டவணையை, அதாவது கெர்னல் இணைப்புகளைக் குறித்துவைக்கும் அட்டவணையைத் திறந்து அந்த இணைப்பின் வரியைப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஜோடி இருக்கும்: போன திசை, எதிர்பார்க்கும் பதிலின் திசை. முதல் ஜோடியில் மூலம் 192.168.1.23, இலக்கு 203.0.113.80. இரண்டாவது ஜோடியின் இலக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே 198.51.100.7 இருந்தால் முகவரி மாறிப் போயிருக்கிறது. கூடவே “அன்ரிப்ளைடு” என்ற குறி இருந்தால் வெளியிலிருந்து பதில் வரவில்லை, பழுது கேட்வேக்கு அப்பால். அங்கேயும் 192.168.1.23 என்றே இருந்தால் நேட் விதி பொருந்தவேயில்லை. உள்முகவரியோடு வெளியே போன பாக்கெட்டுக்கு எந்தக் காலத்திலும் பதில் வராது.

பலரையும் சுற்றலில் விடும் நுணுக்கம் ஒன்று: நேட் விதிகளைக் கெர்னல் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே பார்க்கும். மீதிப் பாக்கெட்டுகள் அட்டவணையில் எழுதிய வரியைப் பின்பற்றும். எனவே பிங்கை ஓடவிட்டுக்கொண்டே விதியைத் திருத்தினால், திருத்தம் சரியாக இருந்தும் பிங் தோற்றுக்கொண்டே இருக்கும். பிங்கை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள், அல்லது கான்டிராக் கட்டளையால் அந்த வரியை அழியுங்கள். சரியான விதியைத் தவறென்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

நாளெல்லாம் ஓடிவிட்டுக் கூட்டம் அதிகமாகும்போது மட்டும் புதிய இணைப்புகள் தோற்றால், கெர்னல் லாக்கில் “கான்டிராக் டேபிள் ஃபுல்” என்ற செய்தியைத் தேடுங்கள். அட்டவணையின் உச்சவரம்பை உயர்த்த வேண்டும். ப்ராக்ஸியில் இதே அறிகுறி வந்தால் தேட வேண்டியது அட்டவணையை அல்ல. ஃபைல் டிஸ்கிரிப்டர் வரம்பையும் (ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்பு, இணைப்புகளின் எண்ணிக்கை) வெளிப்போர்ட் வரம்பையும். லினக்ஸ் இயல்பாக ஒதுக்குவது 32768 முதல் 60999 வரை, அதாவது ஒரே இலக்கு முகவரிக்கும் போர்ட்டுக்கும் ஏறத்தாழ 28,000 இணைப்புகள்.

## சில தளங்கள் மட்டும் தொங்குகின்றன; ப்ராக்ஸி வழியாகப் போனால் அதே தளம் திறக்கிறது

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு தெளிவாக வெளிப்படும் இடம் வேறில்லை. அறிகுறிகள் சேர்ந்தே வரும்: சிறிய பக்கங்கள் வரும், பெரியவை பாதியில் நிற்கும்; எஸ்எஸ்எச் உள்ளே விடும், ஆனால் எஸ்சிபியில் கோப்பு நகராது; சிறு மின்னஞ்சல் போகும், கோப்பு இணைத்தது போகாது.

காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் 1500 பைட். பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் வெளிப்பக்கத்தில் 1492. உங்கள் கணினி தன் ஈதர்நெட்டை மட்டும் பார்த்து, எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவு) 1460 என்று சர்வருக்குச் சொல்கிறது. நேட் அதை மாற்றாமல் அனுப்பிவிடுகிறது. சர்வர் 1500 பைட் பாக்கெட் அனுப்புகிறது. வழியில் உள்ள ரவுட்டரால் அதை 1492க்குள் நுழைக்க முடியவில்லை. “துண்டாக்க வேண்டும்” என்ற ஐசிஎம்பி செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் செய்தியை யாரோ ஃபயர்வாலில் அடைத்திருந்தால் சர்வருக்கு விஷயமே தெரியாமல் அதே அளவில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்வேயிலேயே ஓடும் ப்ராக்ஸியோ தன் சொந்த டிசிபி இணைப்பை 1492 உள்ள இன்டர்ஃபேசிலிருந்து திறக்கிறது. எம்எஸ்எஸ் 1452 என்று சரியாகச் சொல்கிறது. சிக்கல் எழவே வழியில்லை.

உறுதிப்படுத்த, துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால் நோய் இதுதான். மருந்து, கேட்வேயின் மேங்கிள் (பாக்கெட் தலைப்பைத் திருத்தும்) அட்டவணையில், ஃபார்வர்டு சங்கிலியில், எம்எஸ்எஸ்ஸைப் பாதையின் எம்டியூவுக்கு இறுக்கும் டிசிபிஎம்எஸ்எஸ் விதி. ஒவ்வொரு கணினியிலும் எம்டியூவைக் குறைத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரே விதி எல்லாருக்கும் போதும். ஐசிஎம்பியை முழுவதுமாக அடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

## சும்மா விட்டால் இணைப்பு அறுகிறது

அறுபடும் நேரத்தை அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். துல்லியமாக 60 விநாடியில் அறுந்தால், முன்னால் என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் ப்ராக்ஸி (சர்வரின் சார்பில் அதன் முன்னால் நிற்கும் ப்ராக்ஸி) இருக்கிறதா என்று பாருங்கள். பின்சர்வரிடமிருந்து எதுவும் வராமல் காத்திருக்க அது இயல்பாகத் தரும் அவகாசம் அவ்வளவுதான். நெடுநேரம் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகள் அடிக்கடி மாட்டுவது இங்கே. ப்ராக்ஸி முறையாக இணைப்பை மூடும் அல்லது 504 (பின்சர்வர் நேரத்தில் பதில் தரவில்லை) தரும். நேட்டோ ஓசையில்லாமல் அட்டவணை வரியை மறந்துவிடும். இரு முனையும் இணைப்பு உயிரோடிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், அடுத்து எதையாவது தட்டும்போதுதான் திரை உறைந்திருப்பது தெரியும்.

நிலைபெற்ற டிசிபி இணைப்பை நேட் 2 மணி 4 நிமிடத்துக்குள் மறக்கக் கூடாது என்பது ஆர்எஃப்சி 5382இன் விதி. லினக்ஸ் 5 நாள் வைத்திருக்கிறது. ஆனால் இந்த விதியை மதிக்காமல் சில நிமிடங்களில் வெட்டிவிடும் சாதனங்கள் உண்டு. டிசிபி கீப்அலைவின் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தட்டிப்பார்க்கும் பாக்கெட்) இயல்பு அவகாசம் 7200 விநாடி, அதை நம்ப முடியாது. எஸ்எஸ்எச்சில் சர்வர்அலைவ் இன்டர்வலை 60 என்று வையுங்கள். இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் யூடிபிக்கு அவகாசம் இன்னும் குறைவு: பதில் வராத ஓட்டத்துக்கு லினக்ஸ் 30 விநாடிதான் தரும். வயர்கார்டு விபிஎன் நேட்டுக்குப் பின்னால் இருந்தால் கீப்அலைவை 25 விநாடி என்று வையுங்கள்.

## சான்றிதழ் எச்சரிக்கை, அல்லது ஒரு செயலி மட்டும் ஓடவில்லை

நேட் பாக்கெட்டின் உள்ளே இருப்பதைத் தொடாது. டிஎல்எஸ் என்ற மறையாக்கம் அப்படியே போய்ச்சேரும். கனெக்ட் முறையில் ஓடும் ப்ராக்ஸியும் உள்ளே பார்ப்பதில்லை. எச்சரிக்கை வந்தால் யாரோ டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சான்றிதழை வழங்கியவர் யார் என்று படியுங்கள். உங்கள் நிறுவனத்தின் உள்சான்றிதழ் அதிகாரம் என்றால் அதன் ரூட் சான்றிதழைக் கணினியில் நிறுவ வேண்டும். பைதான், ஜாவா, ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை தனிச் சான்றிதழ்க் கிடங்கு வைத்திருக்கக்கூடும், அங்கேயும் சேர்க்க வேண்டும். அறிமுகமில்லாத பெயர் என்றால் தொடராதீர்கள். குறிப்பிட்ட சான்றிதழை மட்டும் ஏற்கும்படி “பின்” (pin) செய்த செயலிகளுக்கு ரூட் நிறுவியும் பயனில்லை. அந்தத் தளங்களைப் பிரிக்காமல் விடும்படி ப்ராக்ஸியில் விலக்கு கேட்க வேண்டும்.

மறித்துப் பிடிக்கும் ப்ராக்ஸி அமைப்பவர்களுக்கு: ஸ்க்விட்டில் மறிக்கும் போர்ட்டும் நேரடியாகப் பயன்படுத்தும் போர்ட்டும் வேறுவேறாக இருக்கட்டும். “ஹோஸ்ட் ஹெடர் ஃபோர்ஜரி” என்று லாக் நிறைந்தால் கணினிகளும் ஸ்க்விட்டும் வெவ்வேறு டிஎன்எஸ் பார்க்கின்றன. இரண்டையும் ஒரே டிஎன்எஸ்ஸுக்குத் திருப்புங்கள். லாக்கில் வர வேண்டிய தளங்கள் வரவில்லை என்றால் யூடிபி 443ஐப் பாருங்கள். நீங்கள் மறித்தது டிசிபியை. உலாவிகள் பயன்படுத்தும் க்விக் என்ற முறை யூடிபியில் ஓடி நேட் வழியாகப் போய்விடுகிறது. அதை ஃபயர்வாலில் நிறுத்தினால் உலாவி டிசிபிக்குத் திரும்பும்.

## வெளியிலிருந்து உள்ளே வர முடியவில்லை

போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்கணினிக்குத் திருப்பும் விதி) அமைத்தும் எட்டவில்லை என்றால் ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரியை முதலில் பாருங்கள். அது ஆர்எஃப்சி 1918 முகவரியாகவோ 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலோ இருந்தால் உங்களுக்கு மேலே இன்னொரு நேட் இருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் வெளியாள் அங்கேயே நின்றுவிடுவார். சேவை தருபவரிடம் பொது முகவரி கேளுங்கள், அல்லது பொது முகவரி உள்ள ஒரு கணினியில் ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்து, உள்ளிருந்து அதற்கு டனல் போடுங்கள்.

வெளியிலிருந்து வருகிறது, உள்வலையில் இருந்துகொண்டு அதே பொது முகவரியில் தேடினால் வரவில்லை என்றால் ஹேர்பின் நேட் (உள்ளிருந்து வந்ததை உள்ளேயே திருப்பும் முகவரி மாற்றம்) இல்லை. கோரிக்கை ரவுட்டர் வழியாகச் சர்வருக்குப் போகிறது. சர்வர் பதிலை ஒரே வலையில் இருக்கும் உங்களுக்கு நேராக அனுப்புகிறது. தான் கேட்காத முகவரியிலிருந்து வந்த பதிலை உங்கள் கணினி தள்ளிவிடுகிறது. உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைத் தருவதே சுத்தமான தீர்வு. ரவுட்டரில் மூல முகவரியையும் மாற்றினால் இணைப்பு வரும். ஆனால் சர்வர் லாக்கில் உள்வலையினர் அனைவரும் ரவுட்டரின் முகவரியோடு தெரிவார்கள்.

லாக்கில் எல்லாருக்கும் ஒரே முகவரி தெரிவது ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குப் பின்னால் இயல்பு, அங்கே இணைப்பைத் திறப்பது ப்ராக்ஸிதான். உண்மையான முகவரி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இருக்கும்படி ப்ராக்ஸியை அமைக்க வேண்டும். அதில் இடப்பக்கம் இருப்பதை வெளியாள் யாரும் தானே எழுதி அனுப்ப முடியும். உங்கள் ப்ராக்ஸி கடைசியாகச் சேர்த்த, வலப்பக்கக் கோடியில் உள்ள முகவரியை மட்டும் நம்பும்படி செயலியை அமையுங்கள். அந்த ஹெடரை உங்கள் ப்ராக்ஸியின் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே படிக்கச் சொல்லுங்கள்.